லிப்ட்காரரின் இதயமும் இல்லாத கல்லும்

இதயத்தில் ஒருமுறை கோளாறு வந்தவர்களை விமானம் ஓட்ட விடவே மாட்டார்களாம். இந்தச் செய்தியை ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் லிப்ட்காரரின் மச்சினன். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். அவனிடம் படிக்கும் ஒரு பெண்மணிக்கு அவருடைய தையல்காரர் சொன்னாராம். தையல்காரருக்கு அவர் சித்தப்பா மகன் சொன்னானாம். அந்தச் சித்தப்பா மகனுடைய நண்பன்தான் விமானம் ஓட்டப் போய் மருத்துவர் மேசையில் தடுக்கி விழுந்தவன்.

"ஒரே ஒரு கோடு மாமா. ஈசிஜில ஒரே ஒரு கோடு கோணலா வந்துச்சாம். உடனே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்களாம். இனிமே ஏழு ஜென்மத்துக்கும் அவன் பட்டம்கூட விட முடியாது."

"பட்டம் விடறதுக்கு யாருடா ஈசிஜி கேக்கறாங்க?" என்றாள் அவன் அக்கா, தட்டில் பார்வையை வைத்தபடியே.

"பேச்சுக்குச் சொன்னேன்க்கா. மாமாவுக்கு என்ன கவலை? அவருக்கு வந்தது வெறும் கிட்னி கல்லு. அதுவும் தானா வெளிய வந்துடுச்சு. கல்லு வந்தவங்க ஊர்ல பாதிப் பேரு ஜாலியா சுத்திட்டு இருக்காங்க." அவன் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிக்கொண்டான். "ஆனா ஒண்ணு. உங்க மெடிக்கல் ஃபாரத்துல எதைக் கேட்டாலும் 'இல்லை'ன்னு டிக் போட்டுடுங்க. எங்க ஸ்கூல்ல லைசென்ஸ் ஃபாரத்துக்கு அப்படித்தான் போடச் சொல்றோம். கேள்வியைப் படிக்கவே கூடாது. படிச்சாதானே சந்தேகம் வரும்!"

மேசையின் இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் மென்று விழுங்குவது நின்றது. லிப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி தண்ணீர்ச் சொம்பைப் பார்த்தாள். மச்சினன் மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஏனென்றால் கிட்னியில் கல் என்பதே பொய் என்று அவனுக்குத் தெரியாது.

லிப்ட்காரருக்கு வயது நாற்பத்து நான்கு. அதில் பாதி வயதை லிப்ட் ஓடும் கிணறு போன்ற சதுரப் பொந்துகளுக்குள் கழித்தவர். அவருடைய அலுவலகம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் லிப்ட் பெட்டியின் தலையைத்தான் காட்ட வேண்டும். அதன் மேல் நின்றுகொண்டு, கையில் டார்ச்சுடன், கம்பிவடங்களைத் தடவிப் பார்த்தபடி மாடி மாடியாக ஏறி இறங்குவார். சுற்றிலும் சுவர், கிரீஸ் வாசனை, தலைக்கு மேலே இருட்டு. அந்த இருட்டின் உச்சியில் மோட்டார் அறை. அந்த அறையின் இரும்புக் கதவைத் திறந்தால் மொட்டை மாடி. மொட்டை மாடிக்கு மேலே திடீரென்று அவ்வளவு வானம்.

அந்த வானத்தில்தான் முதலில் அந்தச் சின்ன விமானங்களைப் பார்த்தார். ஊரின் ஓரத்தில் ஒரு பயிற்சித் திடல் இருந்தது. அங்கிருந்து கிளம்புகிறவை, தும்பி போல ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வரும். டிபன் டப்பாவைத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துக்கொண்டு அவற்றை எண்ணுவார். ஒரு நாள், பாதி மாடியில் மாட்டிக்கொண்ட லிப்டுக்குள்ளிருந்து ஒரு பெரியவரை அவர் பத்திரமாக வெளியே எடுத்தார். அந்தப் பெரியவர் அந்தத் திடலின் பயிற்சிக் கழகச் செயலாளர். நன்றிக்குப் பழக்கூடை கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மனிதர் அரைமணி நேரப் பறப்புக்கு அழைத்துவிட்டார். போன லிப்ட்காரர் திரும்பி வந்தபோது வேறு ஆளாக இருந்தார். அன்று மாலை மனைவி காய் நறுக்கச் சொன்னதற்கு, "இப்ப எத்தனை அடி உயரத்துல நறுக்கணும்?" என்று கேட்டார். விஷயம் முற்றிவிட்டது என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

பயிற்றுவிப்பவள் இருபத்தாறு வயதுப் பெண். உயரம் போதாமல் ஒரு தலையணையுடன் விமானத்துக்கு வருவாள். முதல் நாளே ஒப்பந்தம் போட்டுவிட்டாள். "தரையில நீங்க அண்ணா, நான் தங்கச்சி. சக்கரம் தரையை விட்டுட்டா நான் சொல்றதுதான். சரியா?" அவர் சரி என்றார். அன்றிலிருந்து மேலே அவள் மேடம்.

இறங்குவதில்தான் அவருக்கு ஆரம்பத்தில் சிக்கல். இருபத்திரண்டு வருடங்களாக லிப்டைத் தளத்தோடு ஒரு நூல் பிசகாமல் நிறுத்துகிற கை. ரன்வேயைத் தொட்டதும் வேலை முடிந்தது என்று ஓய்ந்துவிடும். "அண்ணா, இது லிப்ட் இல்ல. தளத்துக்கு வந்ததும் கதவு திறக்காது! இன்னும் ஓடிட்டு இருக்கோம், காலை எடுக்காதீங்க!" என்று கத்துவாள். பதினெட்டு மணி நேரப் பறப்புக்குப் பிறகு கத்துவதை நிறுத்திவிட்டாள். ஒரு சனிக்கிழமை, தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

"அடுத்த மாசம் தனியா அனுப்பலாம்னு இருக்கேன்."

"யாரை?"

"பின்ன யாரை? உங்களைத்தான். ஒரே ஒரு சுத்து. மேல ஏறி, வட்டம் போட்டு, இறங்கணும். பக்கத்து சீட்டுல நான் இருக்க மாட்டேன், தலையணையும் இருக்காது. ஆனா அதுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் வேணும். நான் பக்கத்துல இருக்கிறவரை இல்லாம ஓட்டலாம். தனியான்னா அது இல்லாம கிளம்ப முடியாது." ஒரு படிவத்தை நீட்டினாள். "இதை நிரப்பிட்டு, நம்ம லிஸ்ட்ல இருக்கிற டாக்டரைப் போய்ப் பாருங்க."

படிவத்தின் பதினாறாவது கேள்வி: இதயம் அல்லது ரத்தக்குழாய் சம்பந்தமாக எப்போதாவது ஏதேனும் கோளாறு, சிகிச்சை, அறுவை உண்டா? உண்டு, இல்லை. பக்கத்தில் இரண்டு சின்னக் கட்டங்கள்.

உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு காலை நேரம், படிக்கட்டில் கருவிப்பெட்டியுடன் இறங்கிக்கொண்டிருந்தவருக்கு நெஞ்சுக்குள் யாரோ மோட்டாரின் வேகத்தைத் திருகிவிட்ட மாதிரி ஆனது. துடிப்பை எண்ண முடியவில்லை. சட்டைப் பை அதிர்ந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அடக்கினார்கள். இதயத்துக்குள் மின்சாரம் போகிற பாதையில் பிறவியிலேயே ஒரு குறுக்குவழி இருக்கிறது, அதில் மின்சாரம் சுற்றிச் சுற்றி ஓடுகிறது என்று இதய மருத்துவர் படம் போட்டுக் காட்டினார். "ஷார்ட் சர்க்யூட்டா டாக்டர்?" என்று இவர் கேட்க, "உங்களுக்குப் பாடமே எடுக்க வேண்டாம் போலிருக்கே" என்றார் அவர். அடுத்த வாரம் தொடையின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை அனுப்பி அந்தக் குறுக்குவழியைச் சுட்டு அடைத்தார்கள். மூன்றாம் நாள் வீடு. அதன் பிறகு ஒரு நாளும் தொந்தரவு இல்லை.

கம்பெனி மேலாளருக்கு உண்மை தெரியும். விடுப்புக் கடிதத்தோடு ஆஸ்பத்திரிக் காகிதமும் போயிருந்தது. சொந்தபந்தத்துக்கு மட்டும்தான் கல். அது மனைவியின் ஏற்பாடு.

"ஹார்ட்னு சொன்னோம்னு வைங்க, உங்க அக்கா பெட்டியோட வந்து இறங்கிடுவாங்க. உங்க நெஞ்சுமேல காதை வெச்சுட்டே ஒரு மாசம் உக்காந்திருப்பாங்க. கல்லுன்னு சொல்லிட்டா போச்சு. யாரும் அழ மாட்டாங்க."

அழவில்லைதான். ஆனால் கல்லுக்கு வைத்தியம் தெரியாத உறவு உலகத்திலேயே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அக்கா மாதம் இருமுறை போன் செய்து, "தண்ணி குடிக்கிறியாடா? எத்தனை லிட்டர்?" என்று கணக்குக் கேட்டாள். மச்சினன் வாழைத்தண்டைக் கட்டுக் கட்டாக வாங்கி வந்து அடுக்கினான். இல்லாத கல்லுக்காக லிப்ட்காரர் ஆறு மாதம் வாழைத்தண்டு சாப்பிட்டார்.

இப்போது அந்தப் படிவம் சமையலறை மேசை மேல் நான்கு நாட்களாகக் கிடந்தது. மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். பார்வை பற்றிய கேள்விகளை எல்லாம் அவளே நிரப்பிவிட்டாள். "கண்ணு என் பொறுப்பு. தூரப் பார்வை, கிட்டப் பார்வை, நிறம், எல்லாத்துலயும் நீங்க பாஸ். மத்தது உங்க பாடு."

"பதினாறாவதுக்கு என்ன போடறது?"

"என் தம்பி சொன்னதைக் கேட்டீங்கல்ல."

"போட்டா முடிஞ்சுதுங்கிறான்."

"அப்ப போடாதீங்க."

"போடலேன்னா?"

"அப்ப போடுங்க." அவள் பாத்திரங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள். தேவைக்கு மேல் சத்தம் கேட்டது.

மறுநாள் அவர் ஒரு பதினோரு மாடிக் குடியிருப்புக்குப் போனார். வேறு ஆள் பராமரித்து வந்த லிப்ட், அப்போதுதான் இவர் கம்பெனிக்கு மாறியிருந்தது. கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தவர் ஒரு சிவப்பு ஒயர்த் துண்டைப் பார்த்துவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்தார். கதவு சரியாக மூடினால்தான் லிப்ட் நகர வேண்டும். அந்தக் காவலைத் தாண்டிப் போக யாரோ ஒரு விரல்நீள ஒயரைக் குறுக்கே மாட்டியிருந்தான். சோதனைக்காக மாட்டியிருப்பான், எடுக்க மறந்திருப்பான். மோட்டார் அறையில் தொங்கும் பராமரிப்புப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு வரி இல்லை. மாதாமாதம் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்து மட்டும் இருந்தது.

ஒயரைப் பிடுங்கினார். லிப்ட் நின்றது. மூன்றாம் மாடிக் கதவின் பூட்டு தேய்ந்து போயிருந்தது. மாற்றுச் சாமான் வர இரண்டு நாளாகும். 'இயங்காது' பலகையை மாட்டினார். குடியிருப்புச் செயலாளர் படியேறி, மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"என்னங்க இது, நேத்து வரைக்கும் நல்லா ஓடின லிப்ட்டு!"

"நேத்து வரைக்கும் கதவு திறந்திருந்தாலும் ஓடியிருக்கும் சார்."

"அதான் ஒண்ணும் ஆகலையே. புத்தகத்துலகூட எல்லாம் நன்றுன்னுதானே இருக்கு?"

"புத்தகத்துல கோளாறுன்னு இருந்திருந்தா நான் பயந்திருக்க மாட்டேன் சார். தேடி வந்து சரி பண்ணிட்டுப் போயிருப்பேன். நன்றுன்னு இருக்கிற லிப்ட்டை யாரு திறந்து பாப்பா?"

"ரெண்டு நாள் மட்டும் அந்த ஒயரை..."

"அதை மட்டும் கேக்காதீங்க."

"ரொம்பத்தான் பண்றீங்க!" என்று சொல்லிவிட்டு அவர் பதினோரு மாடியையும் நடந்தே இறங்கினார். ஒவ்வொரு மாடியிலும் நின்று ஒரு வசவு வைத்துவிட்டுப் போனது மேலே வரை கேட்டது.

லிப்ட்காரர் புத்தகத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினார். தேதி, மாடி, ஒயரின் நிறம் உட்பட. எழுதி முடித்து, பேனாவை மூடாமலே, பையிலிருந்த படிவத்தை எடுத்தார். மோட்டார் மேல் வைத்துப் பதினாறாவது கேள்விக்கு 'உண்டு' என்று போட்டார். கீழே விவரத்துக்கு விட்டிருந்த இரண்டு வரி போதவில்லை. ஓரத்தில் ஏறி எழுதினார். பிறகு சிறுநீரகக் கல் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' போட்டார். அதைப் போடும்போது அவருக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக் கூடாது.

மருத்துவரிடம் போகும் நாள், "நான் கொண்டுபோய் விடறேன் மாமா, டென்ஷன்ல வண்டி ஓட்டாதீங்க" என்று மச்சினன் வந்து நின்றான். பயிற்சிக் காரின் கூரையில் பெரிதாக 'கற்பவர்' என்ற பலகை. அதற்குக் கீழே உட்கார்ந்து ஊர்வலம் போவதுபோலப் போனார் லிப்ட்காரர். படிவக் கோப்பைத் தூக்கிக்கொண்டு மச்சினன் உள்ளேயும் வந்துவிட்டான். "உங்க தம்பியா? இருக்கட்டுமா?" என்று கேட்டார் மருத்துவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டிருந்த நிதானமான மனிதர். லிப்ட்காரர் வாயைத் திறப்பதற்குள், "இருக்கட்டும் டாக்டர், நமக்குள்ள என்ன ஒளிவுமறைவு!" என்று அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

மருத்துவர் படிவத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி ஒவ்வொன்றாக வாசித்தார். "வலிப்பு, இல்லை. சர்க்கரை, இல்லை. சிறுநீரகத்தில் கல், இல்லை."

"டாக்டர், ஒரு நிமிஷம்." மச்சினன் முன்னால் நகர்ந்தான். "அது தப்பு. மாமா மறந்துட்டாரு. அவருக்குக் கல்லு இருந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி மூணு நாள் ஆஸ்பத்திரியிலயே இருந்தாரு. நான்தான் வாழைத்தண்டு வாங்கிக் கொடுத்தேன். எதையும் மறைக்கக் கூடாதுல்ல டாக்டர்?"

பேனா நின்றது. கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

"கல் இருந்ததா?"

"இல்லை டாக்டர்," என்றார் லிப்ட்காரர்.

"இருந்துச்சு டாக்டர்."

"டேய், சும்மா இருடா."

"மாமா, கல்லு ஒரு பெரிய விஷயமே இல்ல, தைரியமா ஒத்துக்கோங்க. ஹார்ட்டுன்னாதான் பயப்படணும்."

லிப்ட்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கல்லே கிடையாது டாக்டர். அது வீட்ல சொன்ன பொய். ஆஸ்பத்திரியில இருந்தது ஹார்ட்டுக்கு. பதினாறாவது கேள்வியில எழுதியிருக்கேன்."

மச்சினன் இரண்டு கைகளாலும் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "என்னது, ஹார்ட்டா? அக்காவுக்குத் தெரியுமா?"

"கல்லைக் கண்டுபிடிச்சதே உங்க அக்காதான்."

"ஆறு மாசம்! கடை கடையா ஏறி இறங்கி வாழைத்தண்டு..." அவனால் முடிக்க முடியவில்லை.

மருத்துவர் சிரிப்பை இருமலாக்கிக் கொண்டார். படிவத்தில் ஓரத்தில் ஏறியிருந்த பொடி எழுத்தை நிதானமாகப் படித்தார். அதற்கு முன்போ பின்போ மயக்கம் வந்ததா, மாத்திரை உண்டா, கடைசியாக எப்போது படபடத்தது என்று கேட்டார். ஈசிஜி எடுத்தார். கோடு ஒழுங்காகத்தான் வந்தது. மச்சினன் எட்டிப் பார்த்து, "நேராத்தான் இருக்கு" என்றான். "நேரா இருந்தா ஆளே இல்லைன்னு அர்த்தம் தம்பி, இது மேலும் கீழுமா இருக்கணும்" என்றார் மருத்துவர்.

பிறகு நாற்காலியைத் திருப்பி லிப்ட்காரரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"ஹார்ட்டுன்னாலே கதை முடிஞ்சுதுன்னு வெளியில பேசிக்கறாங்க. அப்படி இல்லை. சிலதுக்கு முடியாதுன்னு சொல்லித்தான் ஆகணும். சிலதுக்கு, என்ன ஆச்சு, இப்ப எப்படி இருக்குன்னு காகிதத்தோட காட்டணும். உங்களோடது ரெண்டாவது வகைன்னு எனக்குத் தோணுது. லைசென்ஸ் குடுக்கிறவங்க கேக்கறது ஒரே ஒரு விஷயம். மேல தனியா இருக்கும்போது இது திரும்ப வந்து உங்களைச் சாய்ச்சிடுமா? அதுக்கு என் வாய் வார்த்தை போதாது. பழைய ஆஸ்பத்திரி ரிப்போர்ட், சுட்டு அடைச்ச விவரம், ஹார்ட் டாக்டர் கடிதம், டிரெட்மில், ஒரு நாள் முழுக்க நெஞ்சுல மாட்டிக்கிற ரிக்கார்டர். எல்லாத்தையும் கொண்டாங்க. நான் மேல அனுப்பறேன். முடிவு அவங்களோடது."

"எழுதாம விட்டிருந்தா, டாக்டர்?"

"இன்னைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். என்னைக்காவது தெரிஞ்சிருந்தா, ஹார்ட்டு நல்லா இருந்தும் பொய்க்காக நிறுத்தியிருப்பாங்க." பேனாவை எடுத்தார். "அப்புறம் ஒண்ணு. கிட்னிக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க."

"கல்லுதான் இல்லையே டாக்டர்!"

"இருந்துச்சுன்னு உங்க வீட்டு ஆளே என் முன்னாடி சொல்லிட்டாரு. காதுல வாங்கிட்டு வாங்காத மாதிரி நான் இருக்க முடியாது. இல்லேங்கிறதுக்குக் காகிதம் வேணும்."

திரும்பும் வழியில் மச்சினன் மூன்று சிக்னலைத் தாண்டினான். "வலிச்சுதா மாமா அப்ப?" என்றான். "வலிக்கலடா, பயமாத்தான் இருந்துச்சு." அவன் தலையாட்டிவிட்டு, அதன் பிறகு வீடு வரை வேகத்தை நாற்பதுக்கு மேல் ஏற்றவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

பரிசோதனைகள் ஒவ்வொன்றாக முடிந்தன. ரிக்கார்டரை நெஞ்சில் ஒட்டி, அதோடு ஒரு சிறு குறிப்பேட்டையும் கொடுத்து, நேரத்துக்கு நேரம் என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். லிப்ட்காரருக்கு அது அல்வா சாப்பிட்ட மாதிரி. '10.40: எட்டாம் மாடி, ஏணி ஏறினேன். 11.15: கோபம். காரணம், குடியிருப்புச் செயலாளர். 11.20: கோபம் தணிந்தது. 1.00: சாப்பாடு, சுமார்.' அதை வாசித்த பெண், பத்து வருட வேலையில் இப்படி ஒரு குறிப்பேட்டைப் பார்த்ததில்லை என்றாள். டிரெட்மில்லில் கடைசிக் கட்டம் வரை ஓடினார். "வழக்கமா எந்த ஜிம்முக்குப் போறீங்க?" என்றார்கள். "லிப்ட் வேலை செய்யாத கட்டடத்துக்கெல்லாம்" என்றார். ஸ்கேனில் சிறுநீரகம் பளிங்கு போல இருந்தது. லிப்ட்காரரின் அக்காவுக்கு மச்சினன் மூலம் விஷயம் போய், அவள் போனில் முக்கால் மணி நேரம் அழுது, கடைசியில், "கிட்னியாவது நல்லா இருக்கேடா. நான் தண்ணி குடிக்கச் சொன்னேன்ல?" என்று அந்தப் பெருமையையும் எடுத்துக்கொண்டாள்.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. பழைய ஆஸ்பத்திரிக் கோப்பு. யார் கண்ணிலும் படக் கூடாதென்று அன்றைக்கு ஒளித்து வைத்தவள் மனைவி. கேட்டால், "தேடறேன்" என்றாள். அடுத்த நாளும் "தேடறேன்". ஆஸ்பத்திரியில் மறுபிரதி கேட்டால் ஆறு வாரம் ஆகும் என்றார்கள். மூன்றாம் நாள் மாலை, அவர் அலமாரி மேலிருந்த பெட்டிகளை எல்லாம் இறக்கித் தூசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அவள் கைப்பையிலிருந்து ஒரு நீலக் கோப்பை எடுத்து மேசையில் வைத்தாள்.

"கிடைச்சுதா! எங்க இருந்துச்சு?"

"தொலைஞ்சிருந்தாத்தானே கிடைக்கறதுக்கு. மூணு நாளா கடைக்கும் வீட்டுக்கும் என்கூடத்தான் வந்து போயிட்டிருக்கு."

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். அவள் நின்றபடியே பேசினாள்.

"என் தம்பி அன்னைக்குச் சாப்பிடும்போது சொன்னான்ல, ஹார்ட்டுன்னா விடவே மாட்டாங்கன்னு. எனக்கு உள்ளுக்குள்ள எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? நீங்க மேல போறப்பல்லாம் நான் இங்க கடையில கண்ணாடியைத் தப்பு தப்பா மாட்டிட்டு இருப்பேன். போகாதீங்கன்னு சொல்ல வாய் வரல. நீங்க ஆசைப்பட்டு ஒண்ணு கேட்டதே இது ஒண்ணுதான். அவங்க முடியாதுன்னு சொல்லிட்டா பழி அவங்க மேல போயிடும். நான் நல்லவளாவே இருந்துடலாம்னு பாத்தேன்."

"அப்ப ஏன் குடுத்துட்ட?"

"டிரெட்மில்லுல நீங்க ஓடினதைக் கண்ணாடி வழியா பாத்தேன்." அவள் கோப்பின் முனையை நேராக்கினாள். "கடைசி வரைக்கும் எனக்குத்தான் மூச்சு வாங்குச்சு. நீங்க அந்தப் பொண்ணுகிட்ட ஜோக் அடிச்சுட்டு இருந்தீங்க. சரி, அந்த டாக்டருங்களே பாத்துச் சொல்லட்டும். முடியும்னா முடியும். முடியாதுன்னா முடியாது. அதுக்கு நடுவுல நான் எதுக்குப் பூட்டு மாதிரி?"

"ஒரு நாள் நீ வந்து பாரேன்," என்றார்.

"என்னத்தை?"

"நான் இறங்குறதை. ஏறுறதை எல்லாரும் பாப்பாங்க. இறங்குறதுதான் நான் நல்லா பண்ணுவேன்."

காகிதங்கள் மேலே போய்ச் சேர்ந்தன. ஒரு வாரம், இரண்டு வாரம். விளக்கம் தேவைப்பட்டால் அழைப்போம், முடிவானாலும் முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் கடிதம் அனுப்புவோம் என்று மருத்துவப் பிரிவில் சொல்லியிருந்தார்கள். அந்த அலுவலகத்து எண்ணைப் போனில் 'மேலே' என்று பதிந்து வைத்தார். பயிற்றுவிப்பவளின் அட்டவணையில் 'தனிப் பறப்பு' என்ற கட்டத்தில் அவர் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருந்தது. பேனாவால் எழுதுவதற்குத்தான் காத்திருக்கிறேன் என்றாள். அவள் அப்படிச் சொன்னபோது, அழிப்பதற்கும் பென்சில்தான் வசதி என்று அவருக்குத் தோன்றியது.

மூன்றாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டு பேரும் அரைநாள் விடுப்பு. மனைவி முதல்முறையாகத் திடலுக்கு வந்தாள். கம்பிவேலிக்கு வெளியே, வெயிலுக்குத் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு நின்றாள். விமானத்துக்குள் போன் கூடாது என்பது பயிற்றுவிப்பவளின் சட்டம். போனை மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

காற்று ரன்வேயின் நீளவாக்கிலேயே வீசியது. மூன்று சுற்று. முதல் இறக்கம் சுமார். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் சக்கரம் எப்போது தரையைத் தொட்டது என்று அவருக்கே தெரியவில்லை. சத்தம் மாறியதை வைத்துத்தான் தெரிந்தது. "ம்ம்," என்றாள் மேடம். அவள் அகராதியில் அதற்கு மேல் பாராட்டுக் கிடையாது.

நிறுத்துமிடத்துக்கு உருட்டிக்கொண்டு வரும்போது வேலியைப் பார்த்தார். மனைவி ஓடிக்கொண்டிருந்தாள். விமானத்தோடு சேர்ந்து, வேலியின் அந்தப் பக்கம், ஒரு செருப்பைக் கையிலும் போனைத் தலைக்கு மேலும் பிடித்தபடி ஓடி வந்தாள். வாய் என்னவோ சொல்லியது. இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

கை தானாகக் கதவுத் தாழ்ப்பாளுக்குப் போனது.

"அண்ணா." பயிற்றுவிப்பவளும் பார்த்துவிட்டாள். "இன்ஜின் நிக்கல. செக்லிஸ்ட்டைப் பாருங்க."

"அது அவங்களாத்தான் இருக்கும்."

"இருக்கட்டும். பார்க்கிங் பிரேக்?"

"போட்டாச்சு."

"ரேடியோ?"

"அணைச்சாச்சு."

"எரிபொருள்?"

எரிபொருளை அடைக்கும் குமிழை இழுத்தார். விசிறி இரண்டு முறை தயங்கிச் சுற்றி, நின்றது. சாவியைத் திருப்பி எடுத்து, அவள் கண்முன் காட்டி, முகப்புப் பலகை மேல் வைத்தார். பெல்ட்டைக் கழற்றினார். அந்த அமைதியில்தான் அது கேட்டது, வேலிக்கு அந்தப் பக்கம் அடித்துக்கொண்டிருந்த மணி.

இறங்கிப் புல்லில் நடந்தார். ஓடவில்லை. ரன்வே பக்கம் யாரும் ஓடக் கூடாது. வேலிக்குப் பக்கத்தில் வந்தபோது மணி நின்றது. இரண்டு பேரும் போனையே பார்த்தார்கள். மறுபடியும் ஆரம்பித்தது.

"ரெண்டாவது தடவை. 'மேலே'ன்னு வருது," என்றாள் மூச்சு வாங்க. "நான் எடுக்கல. எனக்குக் கை வரல."

"நல்லா இறங்கினேனா?"

"முதல்ல எடுங்க!"

"சொல்லு."

"நல்லாத்தான் இறங்கினீங்க. கடைசி தடவை நான் கண்ணை மூடல. எடுங்களேன், கட் ஆயிடப் போகுது!"

கம்பிவேலியின் இடைவெளி போன் நுழையும் அளவு இருந்தது. அவள் உள்ளே நீட்டினாள். அவர் உள்ளங்கையைக் கால்சட்டையில் ஒருமுறை துடைத்தார், இன்னொரு முறை துடைத்தார். போன் இரண்டு பேர் கைகளுக்கும் நடுவே, வேலிக்கம்பியில் பட்டு அதிர்ந்தபடி, அடித்துக்கொண்டே இருந்தது.